பிளேயரின் மந்திர வாளை உடைக்கலாமா, உடைத்தால் எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகக் கதை ஆடும் ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு இது. உடைக்கலாம். ஆனால் "யார்டா உடைச்சது?" என்று கேட்டால் எல்லோரும் அந்தப் பிளேயரைக் காட்ட வேண்டும், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரை இல்லை.

முதலில் உங்களுக்கு ஏன் உடைக்கத் தோன்றுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் விஷயம் இதுதான்: மூன்றாம் லெவலிலேயே தாராளமாக ஒரு பிளஸ் 3 வாளை (டைஸிலும் அடியிலும் 3 கூட்டிக்கொள்ளும் மந்திர வாள்) தூக்கிக் கொடுத்தாயிற்று, இப்போது எந்த அரக்கனும் இரண்டு அடிக்கு மேல் நிற்பதில்லை, அதனால் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு திருடனை அனுப்பிக் கதையிலேயே அதைக் காணாமல் போகச் செய்யலாம் என்று யோசிக்கிறீர்கள். வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள். ஆட்டத்துக்கு வெளியே பேசித் தீர்க்க வேண்டிய சமாசாரம் இது. காட்பாடியோ சத்துவாச்சாரியோ, டீ குடிக்க இறங்கும்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "மச்சி, குடுத்தது நான்தான், ஆனா இப்ப சண்டையெல்லாம் சப்புன்னு முடிஞ்சிடுது, இன்னா பண்ணலாம்?" என்று கேளுங்கள். வாளின் சக்தி கொஞ்ச நாள் உறங்கட்டும், ஒரு நாளைக்கு மூன்று முறைதான் வேலை செய்யட்டும் என்று அவனே ஏதாவது சொல்வான், அது பெரும்பாலும் நீங்கள் யோசித்ததைவிட நன்றாக இருக்கும்.

இன்னொன்று, உங்கள் மேசையில் யார் எந்தக் காலத்து விதியில் வளர்ந்தவர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்தது, பழைய விதிகளுக்கு இரக்கமே கிடையாது. 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டில், ஃபயர்பால் என்கிற நெருப்பு மந்திரம் பட்டு, தப்பிக்க உருட்டும் டைஸான சேவிங் த்ரோவில் தோற்றவனுடைய சாமான்களுக்கும் தனித்தனியாக டைஸ் உருட்ட அட்டவணையே உண்டு. ரஸ்ட் மான்ஸ்டர் மந்திரக் கவசத்தையும் துருவாக்கித் தின்றுவிடும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதே ரஸ்ட் மான்ஸ்டர் மந்திர இரும்பைத் தொடாது, ஃபயர்பாலும் உடம்பில் சுமந்திருக்கும் பொருளைக் கொளுத்தாது. அந்தப் பதிப்பில் ஆட ஆரம்பித்தவனுக்கு வாள் உடையும் என்கிற எண்ணமே இருக்காது. ஆகவே ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் செஷன் ஜீரோவிலேயே சொல்லிவிடுங்கள்: "இந்த ஆட்டத்துல பொருள் போகும், ஆனா தெரியாம போகாது."

எது பொக்கிஷம் என்று கண்டுபிடிக்க, பிளேயர் தன் கேரக்டரின் விவரங்களை எழுதி வைக்கும் கேரக்டர் ஷீட்டை வாங்கிப் பாருங்கள். பொருளுக்குப் பெயர் வைத்திருக்கிறானா, ஓரத்தில் பென்சிலால் படம் வரைந்திருக்கிறானா, பிளஸ் 1-ஐ அழித்து அழித்து எழுதி அந்த இடத்தில் தாளே மெலிந்திருக்கிறதா? அப்படியென்றால் அது வெறும் ஐட்டம் இல்லை, அந்தக் கேரக்டரில் பாதி. அதைத் தொடுவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு தேர்வு கொடுத்தாக வேண்டும்.

எங்கள் ஆட்டத்தில் வரும் ஊர், வேலூர்க் கோட்டையை அப்படியே தூக்கி வைத்தது (அகழியில் முதலைகள் மட்டும் கொஞ்சம் பெரிசு). தப்பி ஓடும்போது இரும்புக் கதவு மேலிருந்து இறங்குகிறது, இரண்டு பேர் இன்னும் உள்ளே. ஒருத்தி தன் மந்திர ஈட்டியைக் கதவுக்கு அடியில் சொருகலாமா என்று கேட்கிறாள். சொருகினால் கதவு நிற்கும், ஈட்டி மிஞ்சாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன், உள்ளே இருப்பவர்கள் மதில் ஏறி அகழியில் குதிக்க வழி இருக்கிறது என்பதையும் சொன்னேன். "உடைஞ்சிடுமா?" "உடைஞ்சிடும்." கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, சொருகறேன்" என்றாள். இந்த இடத்தில் டைஸ் உருட்டச் சொல்லாதீர்கள். விலையைச் சொல்லிவிட்டீர்கள், அவளும் ஒத்துக்கொண்டாள், அப்புறம் ஒரு 1 விழுந்து கதவும் மூடிக்கொண்டால் அது அநியாயம்.

விதியே இப்படிப்பட்ட தேர்வைக் கொடுக்கும் பொருள்களும் உண்டு. ஸ்டாஃப் ஆஃப் பவர் என்கிற மந்திரக் கோலை முறித்தால் பெரிய வெடிப்பு. முறித்தவன் பாதி வாய்ப்பில் வேறு உலகத்துக்குப் போய்ச் சேருவான், இல்லாவிட்டால் கோலில் மிச்சமிருக்கும் சார்ஜ் (மந்திர சக்தியின் அளவு) ஒவ்வொன்றுக்கும் 16 வீதம் அடி வாங்குவான். எக்கச்சக்கமாகப் பொருள் பிடிக்கும் மந்திரப் பையான பேக் ஆஃப் ஹோல்டிங்கை, மடித்து எடுத்துப்போகும் மந்திரக் குழியான போர்ட்டபிள் ஹோலுக்குள் வைத்தால் இரண்டும் காலி. வைக்கப் போகிறவனுடைய கேரக்டருக்கு இது தெரிந்திருக்க நியாயம் உண்டென்றால், கையை உள்ளே விடும் முன் "நிஜமாவா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

உடைந்த பிறகு அவசரப்பட்டு ஈடு கட்டாதீர்கள். அடுத்த செஷனிலேயே பெட்டிக்குள் அதைவிட நல்ல ஈட்டி கிடைத்தால், கதவடியில் சொருகியதற்கு மதிப்பே இல்லை. முனையை மட்டும் கையில் கொடுங்கள், கத்தியாகக் கட்டிக்கொள்ளட்டும். கோட்டைக்குள் சிக்கியிருந்தவர்கள் ஊரில் போய்ப் பேசட்டும், கொல்லன் காசு வாங்க மறுக்கட்டும். சண்டையில் பின்தங்கிவிட்டாள் என்று தெரிந்தால் ஆயுதமாக இல்லாத வேறு ஏதாவது கொடுக்கலாம், ஆனால் சில செஷன் கழித்து.

ஆள் வராத அன்றைக்கு மட்டும் கை வைக்காதீர்கள். ஆம்பூருக்குக் கல்யாணத்துக்குப் போனவன் திரும்பி வந்து, "என் வாள் எங்கடா?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் இருக்காது. போஷன் (மந்திர மருந்து), ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்) எல்லாம் உங்கள் இஷ்டம், அவற்றை யாரும் தேடப்போவதில்லை.