மஞ்சள் சீட்டை மறந்துவிடாதீர்கள்: வார்டு எல்லை மாறியபின் ஊராட்சித் தேர்தலில் நாம் செய்யும் தவறுகள்

கடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலன்று வாக்களித்துவிட்டு வெளியே வந்த ஒரு பாட்டி, பள்ளிக்கூட வாசலில் நின்று பேத்தியிடம் கேட்டார்: "அந்த மஞ்சள் சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் யாரம்மா? ஒருவரைக்கூட எனக்குத் தெரியவில்லையே. கண்ணில் பட்ட சின்னத்தில் குத்திவிட்டு வந்தேன்." பேத்திக்கும் தெரியவில்லை. ஊராட்சித் தலைவர் வேட்பாளர்கள் எல்லாரையும் பெயர், தெரு, உறவுமுறை வரைக்கும் சொல்லக்கூடிய குடும்பம் அது.

அந்த மஞ்சள் சீட்டு மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு உரியது. தமிழ்நாட்டில் கிராமத்து வாக்காளருக்கு நான்கு வாக்குகள்: ஊராட்சி வார்டு உறுப்பினருக்குப் பெரும்பாலும் வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு வார்டு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சிக்கு மஞ்சள். ஒன்றிய வார்டு என்பது ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒன்று. மாவட்ட ஊராட்சி வார்டு ஏறத்தாழ 50,000 மக்களுக்கு ஒன்று. பல ஊராட்சிகளைச் சேர்த்துக் கட்டிய அந்தப் பெரிய வார்டின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது, மறுவரையறைக்கு, அதாவது வார்டு எல்லைகளைப் புதிதாக வரைவதற்கு, முன்பே பலருக்குத் தெரியாது. மறுவரையறைக்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. "வார்டு மாறிவிட்டது" என்று யாராவது சொன்னால், தெரு வார்டு மாறியதாக மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். உங்கள் தெரு பழைய ஊராட்சி வார்டிலேயே இருக்கலாம், ஆனால் ஊராட்சி முழுவதும் வேறொரு மாவட்ட வார்டுக்குப் போயிருக்கலாம். ஊராட்சி வார்டு எண், ஒன்றிய வார்டு எண், மாவட்ட ஊராட்சி வார்டு எண் ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சி அலுவலகத்திலோ ஒன்றிய அலுவலகத்திலோ கேட்டால் கிடைக்கும். கையோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நகரத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஊராட்சி ஒரு நகராட்சியோடோ மாநகராட்சியோடோ இணைக்கப்பட்டுவிட்டால், அந்த நான்கு வாக்குகளும் போய்விடும். நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வார்டு கவுன்சிலருக்கு ஒரே ஒரு வாக்குதான். தலைவரையும் மேயரையும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள்.

அடுத்த தவறு, வரைவு வெளிவரும்போது தூங்கிவிட்டு, தேர்தல் அறிவித்த பிறகு கொந்தளிப்பது. புதிய எல்லைகளின் வரைவு அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். குறிப்பிட்ட நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கலாம். அந்த நாள்கள் சத்தமில்லாமல் கடந்துபோகின்றன. இறுதி அறிவிக்கை வந்த பிறகு நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், அரசமைப்புச் சட்டத்தின் 243-ஓ பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும். தொகுதி வரையறைச் சட்டங்கள் செல்லுமா என்று நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப அது தடை போடுகிறது.

2019இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தக் கதை வேறு. காஞ்சிபுரம், விழுப்புரம், வேலூர், திருநெல்வேலி ஆகிய நான்கு மாவட்டங்களைப் பிரித்து ஒன்பதாக்கியிருந்தார்கள். மாவட்டம் மாறியும் வார்டுகளைப் புதிதாக வரையவில்லை. அதனால்தான் அந்த ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி நீதிமன்றம் அந்த ஒன்பது மாவட்டங்களை மட்டும் தள்ளிவைத்து, முதலில் மறுவரையறையை முடிக்கச் சொன்னது. மற்ற 27 மாவட்டங்களில் டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் வாக்குப்பதிவு நடந்தது. ஒன்பது மாவட்ட மக்கள் 2021 அக்டோபர் 6, 9 வரை காத்திருந்தார்கள். மற்ற மாவட்டங்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் கூடுதலாக அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லை. எல்லைக்கோடு வெறும் காகித வேலை என்று நினைப்பவர்கள் அந்த ஊர்களில் விசாரித்துப் பார்க்கட்டும்.

ஆட்சேபணை எழுதுகிறவர்களும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். "எங்கள் பகுதியில் இப்போது இத்தனை வாக்காளர்கள், பக்கத்து வார்டில் அதில் பாதிதான்" என்று வாக்காளர் பட்டியலை எண்ணி எழுதுகிறார்கள். வார்டுகள் வாக்காளர் எண்ணிக்கையை வைத்து வரையப்படுவதில்லை, மக்கள்தொகையை வைத்து வரையப்படுகின்றன. மக்கள்தொகை என்றால் அரசமைப்புச் சட்டத்தின்படி கடைசியாக வெளியான கணக்கெடுப்பின் எண்ணிக்கை. 2011 கணக்கெடுப்பை வைத்து வரைந்த வார்டில், அதன்பின் எழுந்த நகர்கள், குடியிருப்புகள் எதுவும் கணக்கில் வராது. அது நியாயமா என்பது தனிக்கேள்வி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் மனுவில் தவறான எண்ணை எழுதினால், மனுவைத் தள்ளுவதற்கு நாமே காரணம் கொடுத்தவர்கள் ஆகிறோம். ஓடையைக் கடந்து வாக்களிக்கப் போக வேண்டும், ஒரே தெருவை இரண்டாக வெட்டிவிட்டார்கள் என்பது போன்ற கண்ணுக்குத் தெரியும் காரணங்களை, சர்வே எண், தெருப்பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பெயர்ப் பட்டியலுக்கு வருவோம். சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தேன், அதனால் என் பெயர் இருக்கும் என்பது பாதி உண்மை. உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலைச் சட்டமன்றப் பட்டியலிலிருந்து எடுத்து, வார்டு வாரியாகப் பிரித்து மாநிலத் தேர்தல் ஆணையம் தயாரிக்கிறது. பிரிக்கும்போதுதான் தவறு நுழைகிறது. கணவர் ஒரு வார்டில், மனைவி இன்னொரு வார்டில் என்று ஒரே கதவு எண் இரண்டாகப் போயிருக்கும். பாகம் எண், வரிசை எண் எல்லாம் மாறியிருக்கும், பழைய பூத் சிலிப்பை வைத்துத் தேடினால் கிடைக்காது. வீட்டில் உள்ள அத்தனை பேரின் பெயரையும் புதிய பட்டியலில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிழை இருந்தால் வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் முன்பே மனுக் கொடுங்கள். வாக்குப்பதிவு நாளில் சாவடி அலுவலரிடம் சண்டை பிடித்துப் பயனில்லை, அவர் கையில் இருக்கும் பட்டியலில் அவரால் ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது.

போட்டியிட நினைப்பவர்களுக்கு, சுவரில் சின்னம் வரைவதற்கு முன் இரண்டு விஷயங்கள். ஒன்று, இட ஒதுக்கீடு. எல்லை மாறும்போது எந்த வார்டு யாருக்கு என்பதும் புதிதாக வரும். தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள் உண்டு. அறிவிக்கை வரும் முன்பே கடன் வாங்கிச் செலவு செய்துவிட்டு, வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் மனைவியை நிறுத்திவிட்டுப் பின்னால் நின்று ஆட்டுவிப்பவர்கள் இருக்கிறார்கள். அது அந்த ஒதுக்கீட்டையே அவமதிப்பது. இதோடு சேர்ந்த இன்னொரு தவறான எண்ணம், பொது வார்டு என்றால் ஆண்களுக்கு என்பது. பொது வார்டில் பெண்களும் நிற்கலாம், பட்டியல் இனத்தவரும் நிற்கலாம்.

இரண்டாவது, முன்மொழிபவர். அவர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். எதிர் வீட்டுக்காரர், இருபது ஆண்டுப் பழக்கம், போன முறையும் அவர்தான் கையெழுத்துப் போட்டார் என்று அவரையே கூட்டிக்கொண்டு போவார்கள். புதிய கோடு தெருவின் நடுவில் ஓடுகிறது. எதிர் வீடு இப்போது வேறு வார்டு. பரிசீலனையன்று மேசைக்கு எதிரே நின்று, ஐந்து நிமிடத்தில் ஐந்து ஆண்டு உழைப்பு தள்ளுபடி ஆவதைப் பார்க்க வேண்டியதுதான். முன்மொழிபவரின் பெயரையும் வரிசை எண்ணையும் புதிய பட்டியலைப் பார்த்தே நிரப்புங்கள்.

எல்லை மாறினால் ரேஷன் கார்டு போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்று ஊரில் பேசுவார்கள். ஊராட்சிக்குள் வார்டுக் கோடு நகர்வதால் மட்டும் அப்படி எதுவும் நடக்காது.

வாக்களிக்கும் நேரத்துக்கும் ஒரு குறிப்பு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரே ஒரு முத்திரை, அதுவும் ஒரு சின்னத்துக்கான கட்டத்துக்குள். மை காய்வதற்கு முன் குறுக்காக மடித்தால் எதிர்ப்பக்கத்துச் சின்னத்தில் மை ஒட்டிக் குழப்பம் வரும். நீளவாக்கில் முதலில் மடியுங்கள்.

பிறகு அந்த மஞ்சள் சீட்டு. ஊராட்சித் தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். மாவட்ட ஊராட்சித் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒன்றியக் குழுத் தலைவரையும் அப்படியே. 2019இல் 27 மாவட்டங்களுக்கும் சேர்த்து மாவட்ட ஊராட்சி வார்டுகள் 515 மட்டுமே. ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக இருபதுக்கும் குறைவானவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவரைத் தலைவராக்குகிறார்கள் என்றால், நமது வார்டு உறுப்பினரின் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்த இடத்துக்குக் கட்சிச் சின்னத்தில்தான் போட்டி நடக்கிறது. அதனால் சின்னத்தைப் பார்த்ததும் தேடல் முடிந்துவிடுகிறது, ஆள் யார் என்று யாரும் கேட்பதில்லை. வேட்பாளர் பட்டியல் வெளியான அன்றே உங்கள் மாவட்ட வார்டு எண்ணுக்கு நேரே உள்ள பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்கள் எந்த ஊர், என்ன செய்கிறவர்கள் என்று விசாரியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், முதல் நாள் மாலையே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு நிறங்களையும் சொல்லிக்கொடுங்கள், மஞ்சளில் தொடங்கி.