பழைய உடன்படிக்கையை எப்படிப் படிப்பது: மொரீஷியஸ்காரர்களுக்கு ஒரு வழி

பிரான்சும் பிரிட்டனும் கையெழுத்திட்ட 1814 பாரிஸ் உடன்படிக்கையைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததோடு விட்டுவிடாதீர்கள், மூலத்தையே எடுத்துப் படியுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நமக்குப் பிரெஞ்சும் தெரியும், அப்புறம் என்ன?

முன்னுரையைத் தாண்டிவிடலாம், அங்கே மன்னர்களின் பட்டங்களும் நிரந்தர நட்பும்தான் இருக்கும். நிலம் கைமாறும் பிரிவுக்கு நேராகப் போங்கள். இதில் அது 8-வது பிரிவு. போரில் பிடித்த பிரெஞ்சுக் காலனிகளைத் திருப்பிக் கொடுக்கும் பிரிட்டன், டொபாகோ, செயின்ட் லூசியா, நம் மொரீஷியஸ் தீவு ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. பக்கத்துத் தீவான ரீயூனியனையும் 1810-ல் பிடித்திருந்தார்கள், ஆனால் போர்ட் லூயி மாதிரி ஒரு துறைமுகம் அங்கே இல்லை, அதனால் பிரான்சுக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று ரீயூனியனின் செயின்ட் டெனியில் இருக்கும் தமிழர் யூரோவில் காய்கறி வாங்குவதும் நாம் ரூபாயில் வாங்குவதும் இந்த ஒரு பிரிவால்தான்.

அதே பிரிவில் பட்டியலைக் கவனியுங்கள். நம் தீவோடு "அதைச் சார்ந்த பகுதிகளும்" போகின்றன, பெயர் சொல்லியிருப்பது ரொட்ரிக்ஸ், சீஷெல்ஸ் இரண்டை மட்டும். அந்த இரண்டோடு முடிகிறதா, இல்லை உதாரணத்துக்குச் சொன்னதா? சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள ட்ரொமலின் தீவு யாருடையது என்று பிரான்சும் நாமும் இன்னும் மல்லுக்கட்டுவது இதனால்தான். மணல்திட்டுக்கு ஏன் இவ்வளவு சண்டை என்றால், அதைச் சுற்றி 2,80,000 சதுர கிலோமீட்டர் கடல் இருக்கிறது. பட்டியலைப் பார்த்தால் அதில் இல்லாததை முதலில் தேடுங்கள்.

மக்களைப் பற்றிய பிரிவு வேறு காகிதத்தில் இருக்கலாம். இங்கே அது பிரெஞ்சுக்காரர்கள் நம் தீவை பிரிட்டனிடம் ஒப்படைத்த 1810 டிசம்பர் சரணடைவு ஒப்பந்தத்தில் இருக்கிறது: குடிகளின் மதம், சட்டம், வழக்கம் அப்படியே தொடரும் என்கிறது. நம் சிவில் சட்டம் இன்றும் நெப்போலியன் சட்டத்தொகுப்பின் வழியில் நடப்பதற்கு வேர் அங்கேதான்.

கடைசியாக, கையெழுத்து வேறு, ஒப்புதல் வேறு. ட்ரொமலினைக் கூட்டாக நிர்வகிக்க 2010-ல் கையெழுத்தானது, பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தராமல் தள்ளிப்போட்டது. சாகோஸ் தீவுகள் பற்றி பிரிட்டனோடு நாம் செய்த உடன்படிக்கையையும் (2025 மே 22-ல் கையெழுத்தானது, ராணுவத் தளம் உள்ள தியேகோ கார்சியாவுக்கு 99 ஆண்டு குத்தகை ஏற்பாடு) இப்படித்தான் படிக்க வேண்டும். செய்தியில் கைகுலுக்கும் படம் வந்ததும் நம்பிவிடாமல், எந்த நாளில் அமலுக்கு வருகிறது என்று சொல்லும் பிரிவைத் தேடுங்கள், பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.