தை மாதத்துக் காவிரிக்கரை: நடந்து பார்க்க விரும்பும் மலேசியத் தமிழருக்கு

கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடலாம். இறங்கியதும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரு வேனைப் பிடித்து, நான்கு நாளில் இருபது, முப்பது கோயில்களைச் சுற்றி, பாட்டனார் ஊரின் பெயர்ப்பலகைக்கு அருகில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்கும் கோயிலுக்கும் இடையில் வேன் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறையும் ஆறும் வயலும் படித்துறையும்தான், நாகப்பட்டினத்தில் மலாயாவுக்கு ரஜூலா கப்பலேறும் வரை அந்தப் பாட்டனார் அன்றாடம் நடந்த நிலம். அந்நிலம் மேடு பள்ளமே இல்லாத வண்டல் சமவெளி என்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள்கூட ஆற்றங்கரையில் இரண்டு கிலோமீட்டர் நிதானமாக நடந்துவிடலாம். பயணத்தில் இரண்டு காலைப்பொழுதையாவது இதற்கென ஒதுக்குங்கள்.

எப்போது போவது என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டியது. காவிரி நீரைத் தேக்கும் மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படும். மழை பொய்த்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போவதும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆண்டிறுதி விடுமுறையை நம்பிப் பயணச்சீட்டு எடுக்கும் நாம் சரியாக அந்தச் சேற்றில்தான் போய்க் கால் வைக்கிறோம். நானும் என் தாயாரும் ஒரு நவம்பரில் சென்று, களிமண்ணில் ஒரு செருப்பைப் பறிகொடுத்துவிட்டு, மீதி நாட்களை விடுதி அறையில் மழையை வேடிக்கை பார்த்தே கழித்தோம். ஏப்ரல், மே மாதங்களின் வெயில் நம் ஊர்ப் புழுக்கத்தைப் போன்றதன்று. காலை ஒன்பது மணிக்கெல்லாம் நடக்க முடியாமல் செய்துவிடும். பொங்கலை ஒட்டிய பத்து நாட்களே என் தேர்வு. அப்போது சம்பா நெல் முற்றிப் பழுத்திருக்கும், சில வயல்களில் அறுப்பும் தொடங்கியிருக்கும், ஆற்றில் தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கும். பிப்ரவரியிலும் நடக்கலாம், ஆனால் ஆறு மணலாகக் கிடக்கும்.

இந்திய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது என்பது நடப்பவர்களுக்குக் கிடைக்கும் வரம். உங்கள் உடம்பு காலை ஏழு மணி என்று நினைத்து விழிக்கும்போது தஞ்சாவூரில் நாலரைதான் ஆகியிருக்கும். குளித்து, ஒரு காப்பி குடித்து, விடியும் நேரத்தில் கரையில் நின்றால் பனி விலகுவதைப் பார்க்கலாம். அந்தப் பழக்கம் மூன்று நாளில் போய்விடும் என்பதால் நடையைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

காலணியைப் பொறுத்தவரை, நம் தோட்டப்புறத்துக் கடைகளில் விற்கும் கறுப்பு ரப்பர்க் காலணியை, அதாவது கம்போங் அடிடாஸை, மிஞ்ச எதுவுமில்லை. சேற்றில் வழுக்காது, கழுவினால் உடனே உலரும், கோயில் வாசலில் கழற்றி வைத்தால் யாரும் எடுத்துச் செல்லவும் மாட்டார்கள்.

முதல் நாள், திருச்சியிலிருந்து தஞ்சைக்கு நெடுஞ்சாலையில் போகாமல், கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாற்றுக்குப் போகச் சொல்லி ஓட்டுநரிடம் கேளுங்கள். கரிகாலன் பெயரோடு சொல்லப்படும் கல்லணையில்தான் காவிரி, வெண்ணாறு, 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனத் தண்ணீர் பங்கிடப்படுகிறது. பாலத்தின் மேல் ஒருமுறை நடந்து இரு பக்கமும் பார்த்துவிட்டால், மறுநாள் எந்த ஆற்றின் கரையில் நிற்கிறோம் என்ற குழப்பம் இராது.

திருவையாறு தஞ்சைக்கு வடக்கே சுமார் 13 கிலோமீட்டரில் உள்ளது. தஞ்சையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி ஆகிய நான்கையும் தாண்டி ஐந்தாவதாகக் காவிரியைக் கடந்து ஊருக்குள் நுழைவீர்கள். பெயருக்கு வேறு விளக்கமே தேவையில்லை. புஷ்ய மண்டபப் படித்துறையில் சற்று உட்கார்ந்துவிட்டு, காவிரியை இடப்புறம் வைத்துக்கொண்டு மேற்கே நடந்தால் இரண்டு கிலோமீட்டர் அளவில் தில்லைஸ்தானம் வரும். தேவாரப் பெயர் திருநெய்த்தானம். வழியில் துணி துவைப்பவர்கள், மாட்டைக் குளிப்பாட்டுபவர்கள், வாழைத் தோட்டம், நாணல், நீரின் மேல் தாழப் பறக்கும் மீன்கொத்தி ஆகியவை தென்படும். இது புதிதாகக் கண்டுபிடித்த நடையன்று. சித்திரையில் திருவையாற்றுக் கோயில் இறைவனான ஐயாறப்பரின் பல்லக்கு, சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த ஏழூர்களுக்கும் எழுந்தருளும்போது மக்கள் உடன் நடந்தே சுற்றுகிறார்கள். முழுச் சுற்று பெரியவர்களுக்குக் கடினம். தில்லைஸ்தானம் வரை போய்த் திரும்புவதே போதுமானது. இசை விழாவான தியாகராஜர் ஆராதனை நாட்களில் மட்டும் ஊரில் கூட்டம் நிறைந்திருக்கும்.

அடுத்த காலையை வடுவூருக்குக் கொடுங்கள். தஞ்சை மன்னார்குடிச் சாலையில், தஞ்சையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ள இந்த ஏரி, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட பறவைகள் சரணாலயம். ஏரிக்கரை அகலமானது, நேரானது, நிழலும் உள்ளது. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், தாழைக்கோழி ஆகியவற்றைத் தொலைநோக்கி இல்லாமலே அடையாளம் காணலாம். ஏரிக்கும் மேட்டூர்த் தண்ணீர்தான் வர வேண்டும் என்பதால், வறண்ட ஆண்டாக இருந்தால் போவதற்கு முன் விடுதிக்காரரிடம் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்றுப் பாசனம் முடியும் கடைமடைப் பகுதியான கோடியக்கரையின் உவர்நிலமும் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடும் அழகானவை. ஆயினும் அவற்றுக்குத் தனியாக ஒரு நாளும் வனத்துறை அனுமதியும் தேவை. குழந்தைகளோடு செல்பவர்கள் இந்த முறை விட்டுவிடலாம்.

நம் சிலாங்கூரின் செகிஞ்சான் வயல்வெளியில் நடந்து பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வண்டி போகும் அளவுக்கு நேரான பாதைகள் உண்டு. இங்கே வயலுக்குள் இருப்பவை ஒரு சாண் வரப்புகள். சேறு வைத்து அண்டை கட்டிய ஈர வரப்பில் கால் பட்டால் அது சரிந்து, ஒருவருடைய தண்ணீர் இன்னொருவருடைய வயலுக்குப் போய்விடும். ஆகவே ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் மட்டும் நடங்கள். சாலையில் காயும் நெல்லைச் சுற்றிக்கொண்டு போங்கள். நடவோ களையெடுப்போ செய்யும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வழியில் பேச்சுக் கொடுப்பவர்கள் பலர் இருப்பார்கள். "பசியாறிட்டீங்களா?" என்று நாம் கேட்பது அவர்களுக்கு இனிக்கும். "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று அவர்கள் கேட்பதில், ஊரோடு சாதியையும் அறியும் விருப்பம் சில வேளை ஒளிந்திருக்கும், பாட்டனார் ஊரைத் தேடிப் போகிறவர்கள் இதற்கு ஆயத்தமாக இருப்பது நல்லது. "மலேசியா, கிள்ளான் பக்கம்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் பேச்சை நெல்லுக்குத் திருப்பலாம்.

ஆற்றில் இறங்கிக் குளிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளூர்க்காரர்களே அவற்றில் மாட்டிக்கொள்கிறார்கள். கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் எலியைத் தேடி வயலோரம் வருபவை என்பதால் புல்லடர்ந்த இடத்தில் கால் வைக்காதீர்கள். இருட்டிய பிறகு கரையில் நடக்கவே வேண்டாம். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தைக் கழிக்காமல், கடிபட்டவரை நடக்க விடாமல், ஆம்புலன்ஸ் எண்ணான 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சிறு நோட்டுகளாகப் பணம் வைத்திருங்கள். கிராமத்து டீக்கடையில் எல்லோரும் கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டுவார்கள். நம் மலேசியச் செயலி அங்கே உதவும் என்று நம்பியிருக்க முடியாது, ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறையும் கிடைக்காது. திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்று அந்தக் கடையிலேயே, நடக்கத் தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள்.