காட்டுக்குப் போன தாத்தாவின் வாழ்க்கையைத் தேடுவது எப்படி?

“எங்கள் தாத்தா பெரிய வேட்டைக்காரர்” என்று மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் பிறந்த பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரைப் பற்றி மேலும் அறிய விரும்புவோர், முதலில் அவர் தோட்டத்தில் என்ன வேலை பார்த்தார் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பாலை நிறுத்துக் கொடுத்த பிறகே ஓய்ந்திருப்பார். மழை நாளில் வெட்டு இருக்காது. ஆகவே அவர் காட்டுக்குப் போன நேரம் பெரும்பாலும் பிற்பகலாகவோ மழை நாளாகவோதான் இருந்திருக்கும்.

அடுத்து, பெரியவர்களிடம் கேளுங்கள். எதைச் சுட்டார் என்று கேட்டால் கதைதான் கிடைக்கும். எங்கள் வீட்டில் தாத்தாவின் புலி தீபாவளிக்குத் தீபாவளி ஒரு முழம் வளர்ந்தது. யாரோடு போனார், எந்த ஆற்றைக் கடந்தார், காட்டுப்பன்றி இறைச்சியை எந்தெந்த வீட்டுக்குப் பங்கு வைத்தார் என்று கேளுங்கள். அந்த இறைச்சியைச் சமைத்த பாட்டிமார்களின் நினைவு பெரும்பாலும் கூர்மையானது. பிளுஸ் ஆற்றோரமாக லாசா பக்கம் போனவரானால் தெமியார் பழங்குடி மக்களின் துணை இருந்திருக்கலாம் என்பதால், ஊர்த்தலைவரின் அனுமதி பெற்று அங்குள்ள முதியவர்களையும் சந்திப்பது நல்லது.

கதைகளுக்குக் காலம் குறிப்பதில் மிகுந்த கவனம் தேவை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கில ஆட்சி அறிவித்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அக்காலத்தில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். பல தோட்டங்களில் தொழிலாளர்கள் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டதோடு ஊரடங்கும் நடப்பில் இருந்தது. ஆகவே 1951இல் இரவில் தனியாகத் துப்பாக்கியோடு போனார் என்று யாராவது சொன்னால், ஆண்டு தவறா, அவர் தோட்டத்துச் சிறப்புக் காவலராக இருந்தாரா, அல்லது நாயும் ஈட்டியும் கொண்டு போனதுதான் பிற்காலத்தில் துப்பாக்கியாக மாறியதா என்று ஆராய வேண்டும்.

ஆவணங்களில் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களே எளிதில் கிடைப்பவை. அவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கினால், குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு மாறியது என்பது புலப்படும். கிராணி (தோட்ட எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயர் மூன்று விதமாக இருக்கும். மூன்றையும் குறித்து வையுங்கள். நாம் தமிழில் வழங்கும் தோட்டப் பெயர் ஒன்று, ஆவணத்திலுள்ள ஆங்கிலப் பெயர் வேறு; இது தெரியாமல் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனால் நாள் வீணாகும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் ஏற்றியுள்ள பழைய நாளிதழ்களிலும் தோட்டத்தின் பெயரைக் கொண்டே தேடுங்கள். புலி சுடப்பட்ட செய்தியில் துரையின் (வெள்ளைக்கார நிர்வாகியின்) பெயர் இருக்கும், தடம் காட்டிய தொழிலாளியின் பெயர் இருப்பது அரிது.

புகைப்படமும் அப்படித்தான். துப்பாக்கியோடு நடுவில் நிற்பவரை விட்டுவிட்டு, ஓரத்தில் பாராங் கத்தியோடு நிற்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பெரியவர்களிடம் கேட்டு, படத்தின் நகலுக்குப் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்.