பழைய ஹார்ட் டிஸ்க்க மாத்தணுமா வேணாமா, காசு போடுறதுக்கு முன்னாடி இத பாருங்க

லேப்டாப் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது எஸ்எஸ்டி (சுத்துற பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) போட்டுடலாமான்னு யார் கேட்டாலும் நான் திருப்பி கேக்குறது ஒண்ணுதான், டிஸ்க் ஸ்லோவா இருக்கா இல்ல சாகப் போகுதா? ஸ்லோன்னா அடுத்த மாச சம்பளம் வரட்டும்னு விடலாம். சாகப் போகுதுன்னா இன்னைக்கு நைட்டே போட்டோ டாக்குமென்ட் எல்லாத்தையும் வேற இடத்துல காப்பி பண்ணியாகணும்.

டிஸ்க் எந்த நிலைமையில இருக்குன்னு காட்டுற விண்டோஸ் சாஃப்ட்வேர் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, ஃப்ரீதான், இறக்கி ஓட்டுங்க. அதுல 05, சி5, சி6 இந்த மூணு வரியில கடைசியா இருக்குற நம்பர பாருங்க, ஹெக்ஸ்ல (பத்துக்கு பதிலா 16ஐ வச்சு எண்ணுற முறை) காட்டும் அதனால 10னு இருந்தா 16னு அர்த்தம். 05ல நம்பர் இருந்தா, கெட்டுப்போன செக்டாருக்கு (டேட்டா வைக்குற சின்ன இடம்) பதிலா டிஸ்க் தன்கிட்ட இருக்குற ஸ்பேர எடுத்து போட்டுருக்கு. சின்ன நம்பரா அப்படியே நின்னுட்டா பேக்கப் எடுத்துட்டு கவனிச்சுட்டே இருங்க, வாரா வாரம் ஏறுனா மாத்திடுங்க. சி5 தான் எனக்கு பயம், ஏன்னா அது டிஸ்க்கால படிக்க முடியாம தடுமாறுற இடம், உங்க ஃபைல் அங்கயே இருக்கலாம். சி6 டிஸ்க் தானா சோதிச்சப்பவும் படிக்க முடியாத இடம், அதையும் அதே மாதிரி பாருங்க. சி7 மட்டும் ஏறுனா பெரும்பாலும் கேபிள் பிரச்சனை, அத மாத்தி பாருங்க.

அக்கா லேப்டாப்புல சி5ல 8னு இருந்துச்சு, பாப்பாவோட மொத பர்த்டே ஃபோல்டர் வந்ததும் டக் டக்னு சத்தம், காப்பி அப்படியே நின்னுடுச்சு. அத விட்டுட்டு மத்ததெல்லாம் மொதல்ல எடுத்துட்டு கடைசியா அதுக்கு வந்தோம், நாலு போட்டோ போனது போனதுதான். இந்த நிலைமையில காப்பி எடுக்குறதுக்கு முன்னாடி செக் டிஸ்க் (டிஸ்க்க சோதிச்சு சரி பண்ணப் பாக்குற விண்டோஸ் டூல்) மட்டும் ஓட்டிடாதீங்க, இருக்குற உசுரும் போயிடும்.

நம்பர் எல்லாம் சைபர், ஆனா ஸ்லோவா? டாஸ்க் மேனேஜர தொறங்க. சிபியு சும்மா இருக்கு, டிஸ்க் மட்டும் 100%ல நிக்குதுன்னா எஸ்எஸ்டி போட்டா நல்லாவே வித்தியாசம் தெரியும். ஹார்ட் டிஸ்க்ல டேட்டாவ படிக்குற ஹெட்டு நகர்ந்து நகர்ந்து தேடணும், ஒவ்வொரு தடவையும் 10 மில்லி செகண்டுக்கு மேல ஆகும், எஸ்எஸ்டில சுமார் 0.1 தான். ஆனா ரேம் 4 ஜிபி தான், அதுவும் எப்பவும் ரொம்பியே இருக்குன்னா, பத்தாதத எல்லாம் டிஸ்க்ல தான் தள்ளும், அதனால ரேமையும் சேத்து போடுங்க.

வாங்குறப்ப எம்.2 ஸ்லாட் (சின்ன பட்டை மாதிரி எஸ்எஸ்டி சொருகுற இடம்) இருக்குன்னு உடனே என்விஎம்இ (இன்னும் வேகமான வகை எஸ்எஸ்டி) ஆர்டர் பண்ணாதீங்க, பழைய மாடல் சிலதுல அது சாட்டா (ஹார்ட் டிஸ்க் பேசுற அதே பழைய முறை) வகைய மட்டும்தான் எடுக்கும். சாதா 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டியே செகண்டுக்கு 500 எம்பிக்கு மேல ஸ்பீடு தரும், ரொம்ப பழைய சாட்டா 2 போர்டுல அதுல பாதிதான் வரும், இருந்தாலும் போடலாம்.

படம், பேக்கப் மட்டும் வைக்குற டிஸ்க்னா நல்லா இருக்குற வரைக்கும் மாத்தவே வேணாம்.

மாத்துனதும் பழசுல இருக்குறத அழிச்சுடாதீங்க, புதுசுல எல்லா ஃபைலும் தொறக்குதான்னு பாத்துட்டு ஒரு மாசம் பீரோல வச்சிருங்க.