எஸ்பிரெசோ இயந்திரத்தின் பொயிலரில் இறுகிய சுண்ணாம்புப் படிவை அகற்றும் முறை

வன்னியில் கேத்தலின் அடியைப் பார்த்தாலே கிணற்றுத் தண்ணீரின் குணம் தெரிந்துவிடும். அங்கே ஒட்டியிருக்கும் அதே வெள்ளைப் படிவுதான் கோப்பி போடும் எஸ்பிரெசோ இயந்திரத்தின் பொயிலருக்குள்ளும், அதாவது தண்ணீர் சூடாகும் கலத்துக்குள்ளும், கட்டுகிறது. பூநகரி, முல்லைத்தீவுப் பக்கத்துச் சுண்ணக்கல் நிலத்திலும் சரி, வவுனியாப் பக்கத்துக் கருங்கல் நிலத்திலும் சரி, பல கிணறுகள் தருவது வன்னீர். அதில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று சூட்டில் சிதைந்து, காபனீரொட்சைட்டு வாயுவாக வெளியேற, கல்சியம் காபனேற்று பொயிலரின் சுவரிலும் சூடாக்கும் சுருளிலும் கல்லாக இறுகுகிறது.

படிவு மெல்லியதாயின், அமிலக் கரைசலைத் தாங்கியில் ஊற்றி இயந்திரத்தின் வழியே ஓட்டினாலே போதும். ஆனால் கோப்பி சொட்டுச் சொட்டாக இறங்கி, நீராவியும் வலுவிழந்துவிட்டால், அந்த வழியில் இறங்காதீர்கள். கிளிநொச்சியில் எங்கள் கடை இயந்திரத்தில் நான் அப்படி ஓட்டியபோது, உரிந்து வந்த செதில் ஒன்று, பாதி மிளகு அளவுகூட இராது, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த நுண்துளையில் போய் இறுகிக்கொண்டது. படிவை விட அந்தச் செதிலை எடுப்பதே பெரும்பாடாயிற்று. ஆகவே முற்றிய படிவுக்குப் பொயிலரைத் திறப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

மின்செருகியைக் கழற்றி, இயந்திரம் முழுதும் ஆறி, அழுத்தம் இறங்கிய பின்னரே கைவைக்க வேண்டும். வயர்கள் இருக்கும் நிலையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, தண்ணீரை வடித்து, மூடியையும் சூடாக்கும் சுருளையும் கழற்றுங்கள். தளர்ந்த செதில்களை மரக்குச்சியால் தட்டி வெளியே கொட்டிவிடுங்கள். இரும்பால் சுரண்டினால் சுவரில் கீறல் விழும்.

ஒரு லீற்றர் இளஞ்சூடான தண்ணீரில் 30 கிராம் சிற்றிக் அமிலத்தைக் கரைத்து, பொயிலரை அதனால் நிரப்புங்கள். சுருளை வேறொரு பாத்திரத்தில், மின்முனைகள் நனையாதபடி தொங்கவிடுங்கள். நுரை பொங்கும், வாயு வெளியேறும் வழியை ஒருபோதும் மூடக்கூடாது. 30 கிராம் அமிலம் கணக்குப்படி ஏறக்குறைய 20 கிராம் படிவைத்தான் கரைக்கும் என்பதால், நுரை அடங்கியும் படிவு எஞ்சியிருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று கொண்டு, கரைசலை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். கொதிக்கவும் வைக்கக்கூடாது, இரவு முழுதும் விடவும் கூடாது: அமிலமும் படிவும் சேர்ந்து உண்டாகும் கல்சியம் சித்திரேற்று சூட்டில் இன்னும் குறைவாகவே கரைவதால், மாவு போன்ற வெள்ளை வண்டலாக அடியில் தங்கிவிடும். அரை மணிக்கொருமுறை மாற்றி, மூன்று நான்கு முறை செய்வதே பலன் தரும். செம்பு, பித்தளைப் பொயிலரில் கரைசல் நீலப்பச்சையாக மாறினால் உலோகம் கரைகிறது என்று பொருள்; உடனே வடித்துவிடுங்கள்.

கழிப்பறை கழுவும் அமிலத்தை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்; அதிலுள்ள குளோரைட்டு துருப்பிடிக்காத உருக்கையும் குழியாக அரிக்கும். வினாகிரியின் மணம் இறப்பரில் நெடுநாள் நிற்கும். அலுமினியப் பொயிலராயின், தயாரிப்பாளர் சொன்ன மருந்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பூட்டும்போது இறப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு, ஆணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பொயிலர் நிரம்பும் முன் மின்சாரம் கொடுத்தால் சுருள் எரிந்துவிடும். முதல் மூன்று தாங்கித் தண்ணீரையும் வெளியே விட்டுவிட்டு, பின் வரும் தண்ணீரில் புளிப்பு இல்லையெனக் கண்ட பிறகே கோப்பி போடுங்கள்.

இனிப் படிவு விரைவில் கட்டாமலிருக்க ஆர்.ஓ. தண்ணீர், அதாவது நுண்சவ்வின் வழியே அழுத்தி உப்பு நீக்கிய தண்ணீர், உதவும். ஆனால் அதைத் தனியாக ஊற்றுவது நல்லதல்ல. மிகத் தூய தண்ணீர் மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாததால், தானாக நிரம்பும் இயந்திரத்தின் நீர்மட்ட உணரி நிரம்பியதை அறியாமல் மேலும் மேலும் தண்ணீரை உள்ளே விடும். மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரு பங்கு வடிகட்டிய கிணற்றுத் தண்ணீர் என்று தொடங்கி, கோடையில் கிணறு வற்றி வன்மை ஏறும்போது கிணற்றுப் பங்கை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.