வரிசைமாற்றம்: முதலில் பெட்டி, பிறகு சூத்திரம்

உயர்தர இணைந்த கணிதத்தில் வரிசைமாற்றக் கணக்குகள், அதாவது எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்று எண்ணும் கணக்குகள், பிழைப்பது பெரும்பாலும் சூத்திரம் மறந்து போவதால் அல்ல, எந்த இடத்தை முதலில் நிரப்புவது என்று பார்க்காமல் தொடங்குவதால். அதனால் முதலில் ஓர் இடத்துக்கு ஒன்றாகப் பெட்டிகளை வரையுங்கள்.

ஒரு கிராமச் சங்கத்தில் 7 பேர். தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும். முதற்பெட்டிக்கு 7 பேர், அடுத்ததற்கு 6, கடைசிக்கு 5: 7 × 6 × 5 = 210. சூத்திரம் இதையே 7! ÷ 4! என்கிறது. 7! என்பது 7இன் காரணியம், அதாவது 7 முதல் 1 வரை பெருக்கியது. 4 என்பது பதவி கிடைக்காதவர்களின் எண்ணிக்கை. பதவி இல்லாமல் மூவர் குழு மட்டும் போதுமென்றால் ஒரே மூவர் 3! தடவை எண்ணப்பட்டிருப்பார்கள். 210 ÷ 6 = 35, அது சேர்மானம், அதாவது வரிசை பாராத தெரிவு. ஐயம் வந்தால் இருவரை இடம்மாற்றிப் பாருங்கள். முடிவு மாறினால்தான் வரிசைமாற்றம்.

நிபந்தனை வரும்போதுதான் புள்ளிகள் போகும். 'பொத்துவில்' என்பதில் பொ, த், து, வி, ல் என 5 எழுத்து. மொத்த ஒழுங்குகள் 5! = 120. மெய்யெழுத்து முதலில் வரக்கூடாது என்றால் முதற்பெட்டியைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்: 3 × 4! = 72. கடைசிப் பெட்டியிலிருந்து தொடங்கினால், முதற்பெட்டிக்கு வரும்போது உயிர்மெய் எத்தனை மிச்சம் என்றே தெரியாது. கணக்கு பல வகைகளாகப் பிரிந்துவிடும். இரு மெய்யும் அடுத்தடுத்து வர வேண்டுமென்றால் அவற்றை ஒன்றாகக் கட்டுங்கள்: 4! × 2! = 48. அடுத்தடுத்து வராதவை 120 − 48 = 72. இரண்டு விடையும் 72 ஆனது தற்செயல். மெய் முதலிலும் வரக்கூடாது, அடுத்தடுத்தும் வரக்கூடாது என்றால் விடை 36, செய்து பாருங்கள்.

'மாமாங்கம்' என்பதில் மா இருமுறை வருகிறது. ஆகவே 5! ÷ 2! = 60. இரு மா சேர்ந்து வருபவை 4! = 24 மட்டுமே. இங்கே பலர் பழக்கத்தில் 2!ஆல் பெருக்கிவிடுவார்கள்; ஒரே எழுத்தை இடம்மாற்றினால் புதிய ஒழுங்கு பிறக்காது.

வட்டமாக நின்று ஆடும் வசந்தன் கூத்தில் 6 பேர் என்றால் ஒருவரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மற்றவர்களை ஒழுங்குபடுத்துங்கள்: 5! = 120. வட்டம் முழுதாகச் சுழன்றாலும் யாருக்கு அருகில் யார் என்பது மாறாது.

0! = 1. ஐவரை ஐந்து இடத்தில் இருத்தினால் மிச்சம் யாருமில்லை, அப்போது 5! ÷ 0! என்பது 120 ஆக வேண்டுமே.